இரத்தத்தில் ஒரு குறை இருக்கட்டும்

இரத்தத்தை எடுத்துப் பார்த்தே, இன்னும் பத்து வருடத்தில் யாருக்கு மறதி வருத்தம் வரும், யாருக்கு வராது என்று சொல்லிவிடுகிறார்களாம். ஸ்ரெல்லா வேலை செய்கிற நண்டுக் கம்பனிக்கு இந்தக் கதையைக் கொண்டுவந்தவள் அரியாலைக் குணலட்சுமி. அவளுக்குச் சொன்னது நோர்வேயில் இருக்கும் அவளுடைய மச்சாள். மச்சாளுக்கு யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள். அந்த யாரோவுக்கு யார் சொன்னது என்று கேட்கிற பழக்கம் நண்டுக் கம்பனியில் கிடையாது.

"மெய்யாத்தான் ஸ்ரெல்லா அக்கா. ஒரு ஊசி, ஒரு குப்பி ரத்தம். அவ்வளவுதான்."

"பிறகு?"

"பிறகென்ன, வருமெண்டால் வருமாம்."

"அதுக்கேன் ரத்தம்?" என்றாள் மேசையின் அந்தக் கரையில் இருந்த ஒருத்தி. "எங்கடை சூப்பர்வைசரின்ரை மூஞ்சையைப் பாத்தாலே தெரியுதே. நேற்று எனக்கு லீவு தாறனெண்டவன், இண்டைக்கு நீ ஆரெண்டு கேக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரெல்லாவும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் பிந்தி. அவித்த நண்டின் காலை உடைத்துச் சதையை இழுத்துக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றுபோயிருந்தது. சதையோடு ஓட்டுத் துண்டு ஒன்று போனாலும் முழுத் தட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்று அவளுடைய தட்டு இரண்டு முறை திரும்பி வந்தது.

ஸ்ரெல்லாவுக்கு அறுபத்திரண்டு வயது. பிறந்தது குருநகரில். கலியாணம் முடித்ததும் அதே குருநகரில்தான், நாலு ஒழுங்கை தள்ளி. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு முழு ஊரும் போருக்குப் பயந்து மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் போனபோது, கணவன் யாகோப்பு கண் தெரியாத தகப்பனைச் சைக்கிளில் வைத்து உருட்ட, ஆறு வயது மகன் ஜெரிசன் கரியரைப் பிடித்து நடக்க, அவள் முன்னால் உரப்பையைச் சுமந்துகொண்டு போனாள். பத்தடிக்கு ஒரு தரம் திரும்பி மூன்று தலையையும் எண்ணுவாள். நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டு நின்ற அந்த இரவு முழுக்க எண்ணியிருக்கிறாள். ஊருக்குத் திரும்பி முப்பது வருடமாகிறது. எண்ணுகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

இப்போது அவள் எண்ணுவது மணியை.

முழங்கால் தேய்ந்து கடலுக்குப் போகமுடியாமல் போனபிறகு, பதினைந்து வருடமாகக் கோயில் மணியை அடிக்கிறவர் யாகோப்பு. காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என்று மூவேளைச் செபத்துக்கு மணி. மூன்று அடி, ஒரு சின்ன இடைவெளி. மறுபடி மூன்று, இடைவெளி. மறுபடி மூன்று. பிறகு கலகலவென்று விடாமல் கொஞ்ச நேரம். அதே மணிதான் சாவுக்கும். சாவு மணியில் கலகலப்பு இல்லை. ஒரு அடி, அதன் ஓசை கடலுக்குள் போய் முழுதாக அடங்கும் வரை காத்திருப்பு, பிறகு இன்னொரு அடி. அந்த மணி கேட்டால் அன்று அந்தக் கரையில் வள்ளம் இறங்காது.

தவக்காலம் தொடங்கிய இரண்டாம் கிழமை, ஒரு செவ்வாய் நண்பகல், யாகோப்புக்கு எண் தவறிவிட்டது. நாலாவது அடியோ, ஐந்தாவதோ. கயிற்றைப் பிடித்தபடி யோசித்தார். யோசித்து ஒரு அடி அடித்தார். அது சரியோ என்று மறுபடி யோசித்தார். அவர் யோசித்த இடைவெளியெல்லாம் ஊருக்குச் சாவு மணியாகக் கேட்டது.

ஓடாத ஆள் இல்லை. இறங்குதுறையில் எஞ்சின்கள் நின்றன. கட்டிலோடு கிடந்த அந்தோனிப்பிள்ளைக் கிழவரின் மகள், சந்தையிலிருந்து தலைவிரி கோலமாக "ஐயோ அப்பு" என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் விழுந்தாள். கிழவர் விசுக்கோத்தைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டி கத்துறாய்?"

"மணி அடிச்சுதப்பு. நான் உங்களை எண்டு..."

"நான் செத்த சங்கதியை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே," என்றார் கிழவர்.

இதைச் சொல்லிச் சொல்லி ஊர் ஒரு கிழமை சிரித்தது. சிரிக்காதவர்கள் அன்று பின்னேரம் வலை கொண்டு போக இருந்தவர்கள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் சபை கூடியது. யாகோப்பை இனி ஓய்வாக இருக்கச் சொல்லலாம் என்றார்கள். அந்தச் சொல்லை எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் அது கயிற்றைப் பிடுங்குகிற சொல்தான். பங்குத்தந்தை இளம் ஆள், வந்து ஒரு வருடம்தான். யாருடைய மனமும் நோகக்கூடாது என்று நினைக்கிற வயது.

"காலமையும் பின்னேரமும் ஜெறோம் அடிக்கட்டும். மத்தியானம் யாகோப்பு அண்ணை அடிக்கட்டும்," என்றார். "டொக்டரிட்டைக் காட்டுங்கோ. மாறக்கூடிய வருத்தமெண்டால் பாஸ்காப் பூசை மணி அண்ணைக்குத்தான். இல்லாட்டிப் பிறகு யோசிப்பம்."

பெரிய வியாழன் தொடங்கி, ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா இரவு வரை கோயிலில் மணி அடிப்பதில்லை. மூன்று நாள் ஊமையாகக் கிடந்த மணி, பாஸ்கா இரவில் உன்னத கீதம் தொடங்கும்போது வெடித்துக் கிளம்பும். அதை அடிக்கிற கை யாருடையது என்பது ஊரில் சின்ன விஷயமில்லை. யாகோப்பு பதினைந்து பாஸ்காவுக்கு அடித்தவர். அன்றைக்கு மட்டும் கால்சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்வார்.

ஜெறோம் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். நாற்பது வயது, தூரத்து உறவு.

"மாமி, சத்தியமா எனக்கு உந்தக் கயிறு வேண்டாம்," என்றான் ஸ்ரெல்லாவிடம். "காலமை ஆறுக்கு எழும்புறதுக்கு என்ரை மனிசி என்னைத் திட்டுறா. மாமா சுகமாகட்டும். நான் கும்பிட்டுப் போட்டுப் படுக்கிறன்."

அடுத்த நாளிலிருந்து ஸ்ரெல்லா கம்பனியில் அரைநாள் வேலை என்று எழுதிக் கொடுத்தாள். பதினொன்றரைக்குக் கையுறையைக் கழற்றிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கோயிலுக்கு வந்து, மாதா குகைக் கெபிக்குப் பக்கத்தில், சுரூபத்தைச் சுற்றிய கம்பியில் சாய்ந்தபடி நிற்பாள். மணிக்கோபுரத்தின் கீழிருந்து யாகோப்பு அவளைப் பார்ப்பார். அவள் ஒரு விரலைத் தூக்குவாள். ஒரு அடி. இரண்டாவது விரல். மூன்றாவது. கையை மூடுவாள். திறப்பாள். மறுபடி ஒன்று.

ஊரில் இதைக் காணாதவர்கள் இல்லை. கண்டதாகக் காட்டிக்கொண்டவர்களும் குறைவு.

"என்ன மச்சாள், பாண்ட் மாஸ்டரோ?" என்று ஒருத்தி மட்டும் கேட்டாள்.

"ஓம். உன்ரை மனிசனுக்கும் சொல்லித்தரவோ? வெறியில வீட்டுப் படலை தெரியாமல் நிக்கிறவர்," என்றாள் ஸ்ரெல்லா. அதற்குப்பிறகு ஒருத்தியும் கேட்கவில்லை.

மறைத்து வைத்தது இதற்கு முன்னமும் இருந்தது. சின்னக்கடைச் சந்தைக்குப் போன யாகோப்பு வெறும் பையோடு வந்து, "கடை பூட்டு" என்றார். கடை பூட்டவில்லை. பேரப்பிள்ளையின் பெயரைக் கேட்டால் "அந்தக் குட்டியன்" என்பார். ஸ்ரெல்லா எல்லாவற்றையும் கறிக்கு உப்புக் கூடிவிட்டால் தேங்காய்ப்பால் விடுவதுபோல் விட்டுச் சமாளித்து வந்தாள். மணிக்குத் தேங்காய்ப்பால் விட முடியவில்லை.

ஜெரிசன் பிரான்சில், பாரிசுக்கு வெளியே ஓர் உணவகத்தில் சமையல். பின்னேரம் அங்கே அடுப்பு ஓய்கிற நேரம் தாயோடு கதைப்பான். குணலட்சுமி கொண்டுவந்த கதையை அவள் சொன்னதும் அவன் வழமைபோல் "விசர்க்கதை" என்று சொல்லவில்லை. அடுத்த நாள் தானே எடுத்தான். இரண்டு மொழியில் தேடி வாசித்திருக்கிறான் என்பது குரலிலேயே தெரிந்தது.

"முழுப் பொய்யில்லை அம்மா. ஆனா குணலட்சுமி அன்ரி சொன்ன மாதிரியும் இல்லை. பள்ளிக்கூடத்தில இழைமணி, மைற்றோகொண்ட்ரியா எண்டு படிச்சனாங்கள். உடம்பில ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் இருக்கும். சாப்பிடுறதைச் சக்தியாக்கிறது அதுதான். வள்ளத்து எஞ்சின் எண்டு வையுங்கோவன்."

"எத்தினை எஞ்சின்?"

"ஒரு கலத்துக்குள்ளயே நூற்றுக்கணக்கில இருக்கும். மூளைக்குத்தான் சக்தி கூட வேணும். அந்த எஞ்சினுகள் களைக்கத் தொடங்கினால் ரத்தத்தில சில புரதங்கள் கூடுமாம், சிலது குறையுமாம். மறதி வெளியில தெரியிறதுக்குக் கன வருசம் முந்தியே அந்த வித்தியாசம் இருக்காம். ஆயிரக்கணக்கான ஆக்களின்ரை ரத்தத்தை எடுத்து வைச்சு, பிறகு ஆருக்கு வந்தது, ஆருக்கு வரேல்லை எண்டு வருசக்கணக்காப் பாத்திருக்கினம்."

"அப்ப கொப்பாவின்ரை எஞ்சின் பழுதோ?"

"அது தெரியாது அம்மா. எஞ்சின் களைச்சதால மறதி வருதோ, மறதி வரப்போறதால எஞ்சின் களைக்குதோ எண்டதே இன்னும் சரியாத் தெரியாதாம்."

"பழுதெண்டால் மாத்தலாமோ?"

மகனுக்குப் பின்னால் தட்டுகள் கழுவுகிற சத்தம் கேட்டது.

"அப்பாவை நடக்கச் சொல்லுங்கோ. நடந்தால் நல்லதாம். நானும் ஒரு நாளைக்கு எட்டாயிரம் அடி நடக்கிறன். இனிப்பு விட்டிட்டன்."

"உனக்கேன்டா? உனக்கு இன்னும் நாற்பது ஆகேல்லை."

"அம்மா... அப்பப்பாவுக்கும் கடைசியில இப்பிடித்தானே?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இவ்வளவு நேரமும் அவன் கேட்டது தகப்பனைப் பற்றி மட்டுமில்லை. யாகோப்பின் தகப்பன் கடைசி இரண்டு வருடமும், சோறு தீத்துகிற மகனின் கையைப் பிடித்து, "தம்பி, நீர் ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்.

"அவருக்கு எண்பத்தெட்டு வயதடா. அது கண் தெரியாததாலை வந்த தடுமாற்றம்," என்றாள். பொய் சொன்னதுகூட இல்லை, களைப்பில் வந்த சொல். "நீ சாப்பிட்டியோ?"

போனை வைத்தபிறகு அவள் குசினிக்குள் வெகுநேரம் சும்மா இருந்தாள். கணவனுக்கு மறக்கிறது. மகனுக்கு மறந்துவிடுமோ என்று பயம். இந்த வீட்டில் எதையும் மறக்க அனுமதியில்லாத ஆள் தான் ஒருத்திதான் என்று நினைத்தாள். சோறு அடிப்பிடித்து மணத்தது.

டொக்டர் ஓர் இளம் பெண், திருநீற்றுக் குறி போட்டவள். பட்டணத்தில் ஒரு சின்னக் கிளினிக். யாகோப்பைக் கதிரையில் இருத்தி ஒரு தாளை எடுத்தாள்.

"இண்டைக்கு என்ன நாள் ஐயா?"

"சூசையப்பர் திருநாள்."

பேனை தாளுக்கு மேலே தயங்கியது. "நான் திகதியைக் கேட்டனான்."

"அதைத்தானே பிள்ளை சொன்னனான்."

"பங்குனி பத்தொன்பது, டொக்டர்," என்று இடையில் விழுந்தாள் ஸ்ரெல்லா. "ஒவ்வொரு வருசமும் அதே நாள்தான் வரும். அவர் சொன்னது சரி."

டொக்டர் சிரித்து, போடப்போன புள்ளடியை விட்டுவிட்டுச் சரி போட்டாள். "நல்லது. வருசம்?"

யாகோப்பு மனைவியைப் பார்த்தார். நண்பகலில் கோபுரத்தடியில் நின்று பார்க்கிற அதே பார்வை. அவளுடைய விரல்கள் மடியில் தானாக அசைந்தன.

"அம்மா, நீங்கள் சொல்லக்கூடாது."

"அது நெடுக மாறுதே பிள்ளை," என்றார் யாகோப்பு கடைசியில்.

அவரை வெளியே இருத்தியபின் ஸ்ரெல்லா அந்த இரத்தச் சோதனையைப் பற்றிக் கேட்டாள். எஞ்சின், புரதம், நோர்வே எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கேட்டாள். டொக்டர் பொறுமையாகக் கேட்டாள்.

"அது ஆராய்ச்சி அம்மா. ஆயிரம் பேரை ஒண்டாப் பாத்தால், ரத்தம் இப்பிடி இருக்கிற ஆக்களுக்குக் கூட வருது எண்டு சொல்லலாம். அதை வைச்சு ஐயாவுக்கு வரும், வராது எண்டு சொல்லேலாது. இஞ்சை நான் எழுதித் தரக்கூடிய சோதினையும் இல்லை."

"ஆயிரம் பேரைத் தெரியும். இவரைத் தெரியாது."

"ஓம். அப்பிடித்தான்." டொக்டர் மருந்துக் கொப்பியைப் புரட்டினாள். "ஆனா வேறை ரத்தம் பாக்கவேணும். சீனி வருத்தத்துக்குப் பன்னிரண்டு வருசமா ஒரே குளிசை எடுக்கிறார். அதை நெடுக எடுக்கிற சிலருக்கு பி பன்னிரண்டு எண்ட விற்றமின் குறையும்."

"அவர் மீன் தின்னாத நாளில்லையே."

"தின்னலாம். உடம்பு அதை எடுக்கவேணுமே. அது குறைஞ்சாலும் மறதி வரும். தைரொயிட் குறைஞ்சாலும் வரும். அப்பிடி எண்டால் ஊசியோ குளிசையோ குடுத்துப் பாக்கலாம். கன பேர் தெளிஞ்சிருக்கினம்."

"ரெண்டும் சரியா இருந்தால்?"

டொக்டர் பேனையை மூடினாள். "சரியா இருந்தால் தலையை ஸ்கான் பண்ணிப் பாக்கவேணும். பிறகு வேறை மாதிரி யோசிக்கவேணும்."

அந்த "வேறை மாதிரி" என்ன மாதிரி என்று ஸ்ரெல்லா கேட்கவில்லை. மாமனாரைப் பார்த்தவள் அவள்.

அடுத்த நாள் காலை வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். யாகோப்பு விடியப் பூசைக்குப் போய்விட்டு வந்து இருந்தார். தாதி ஷெரோன் கையில் பட்டியைக் கட்டிக்கொண்டு, "காலமை ஏதும் சாப்பிட்டீங்களோ ஐயா?" என்று கேட்டாள்.

"இல்லை."

ஸ்ரெல்லாவுக்கு மனம் கேட்கவில்லை. "பூசையில நன்மை எடுத்தவர், பிள்ளை. ஒரு துண்டு அப்பம்."

"அதுவும் சாப்பாடோ?" யாகோப்பு நரம்பு புடைக்கத் திரும்பினார். "நீயும் ஒரு வேதக்காரியோ? ஆண்டவரைக் கொண்டு போய்ப் பாணோட சேக்கிறாய்!"

ஷெரோனும் வேதக்காரிதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊசியை ஏற்றினாள். "பறவாயில்லை ஐயா. ஆண்டவராலை சீனி கூடாது." சின்னக் குப்பிகள் மூன்று நிறைந்தன. கறுத்த சிவப்பு. ஸ்ரெல்லா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புதன்கிழமை பன்னிரண்டுக்கு முன்னம் நான் போன் எடுத்துச் சொல்லுறன் அன்ரி. டொக்டரும் உங்களோட கதைப்பா. பன்னிரண்டு தாண்டினால் அவ வேறை இடத்துக்குப் போயிடுவா, பிறகு திங்கள்தான்."

இடையில் வந்த நாட்களில் ஸ்ரெல்லா கெபியில் மெழுகுதிரி கொளுத்தினாள். அறுபத்திரண்டு வருடமாக அவளுக்குத் தெரிந்த மன்றாட்டு ஒன்றுதான்: ஒரு குறையும் வராமல் காப்பாற்று. இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. இரத்தம் சரியென்று வந்தால் ஆள் சரியில்லை. இரத்தம் பிழையென்று வந்தால் ஆள் தப்பக்கூடும். யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "மாதாவே, அந்தாளின்ரை ரத்தத்தில ஒரு குறை இருக்கட்டும்," என்றாள். சொன்னபிறகு வெட்கமாக இருந்தது. ஈடாக மூன்று அருள்நிறை மந்திரம் சொன்னாள்.

"என்ன கேட்டனி?" என்றார் பின்னால் வந்து நின்ற யாகோப்பு.

"உங்களுக்கு ஊசி போடோணுமெண்டு கேட்டனான்."

"விசரி," என்றார். பிறகு, நடக்கத் தொடங்கியபின், "எனக்கு இருக்கடி. தெரியும். கயிறு கையில இருக்கேக்கை, மண்டைக்குள்ள ஆரோ விளக்கை ஊதி நூக்கிற மாதிரி," என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்கு முன்னால் அவர்கள் கை பிடித்து நடந்தது கலியாணத்தன்றைக்குப் பிறகு அதுதான்.

புதன்கிழமை அவள் கம்பனிக்கே போகவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. போன் அடிக்கவில்லை. ஒருமுறை அடித்தது, குணலட்சுமி.

"ரத்தம் வந்திட்டுதோ அக்கா?"

"வையடி போனை. லைன் பிஸியாக்காதை."

பதினொன்று ஐம்பதுக்கு யாகோப்பு சேட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவளும் போனோடு போனாள். கெபியடியில் வெயில் கொதித்தது. வேப்பமரத்தின் கீழே ஜெறோம் முச்சக்கரவண்டிக்குள் கால் நீட்டிக் கிடந்தான். இறங்குதுறைப் பக்கம் யாரோ எஞ்சினைப் பழுது பார்த்து ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

யாகோப்பு கயிற்றைப் பிடித்தார். அவள் வலது கையைத் தூக்கினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. கையை மூடினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. மறுபடி மூடினாள். அந்த இடைவெளிக்குள் இடது கையில் போன் அடித்தது.

பட்டண இலக்கம். ஷெரோன்தான். அவள் குனிந்து பார்க்கவில்லை, கண்ணைத் தாழ்த்தியதுதான். அதற்குள்ளேயே யாகோப்பின் கை கயிற்றில் தளர்ந்துவிட்டது. போன் சத்தத்தை அவரும் கேட்டுவிட்டார். அது எங்கேயிருந்து வருகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் மறக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

எடுத்தால் ஒரு சொல்லில் தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சொல்லை அவள் காது கேட்கிற அதே கணத்தில் அவர் அவள் முகத்தில் வாசித்துவிடுவார். முப்பத்தொன்பது வருடமாக வாசிக்கிற முகம். கயிற்றைப் பிடித்தபடி, இன்னும் மூன்று அடி மீதி இருக்கையில் வாசித்துவிடுவார். எடுக்காவிட்டால் பன்னிரண்டு தாண்டிவிடும். பிறகு திங்கள்.

அவள் விரலைத் தூக்கினாள். ஒன்று.

அவர் அடித்தார். போன் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை, மறுபடி தொடங்கியது.

இரண்டாவது விரல். அவர் அவளுடைய விரலைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தார். ஏழாவது அடியின் ஓசை தேய்ந்து கடல்பக்கம் போய்க்கொண்டிருந்தது. வேப்பமரத்தின் கீழே ஜெறோம் எழும்பி உட்கார்ந்தான். இறங்குதுறையில் எஞ்சினை யாரோ நிறுத்திவிட்டார்கள்.

"இஞ்சருங்கோ," என்றாள் ஸ்ரெல்லா, கடையில் சாமான் கேட்கிற குரலில். "என்னைப் பாருங்கோ. இதைப் பாருங்கோ."

பார்த்தார். அடித்தார். எட்டு.

மணியின் நடுக்கம் கெபிக் கம்பியில் தெரிந்தது. இடது கைக்குள் போனின் நடுக்கமும் தெரிந்தது. அவள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் வராமல் பார்த்துக்கொண்டு, மூன்றாவது விரலைத் தூக்கி, அவருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி வெயிலுக்குள் நீட்டிப் பிடித்தாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.